புயலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்ததும் நான் செய்யும் முதல் வேலை, கிணற்றுக்கட்டில் சாத்தியிருக்கும் அலவாங்கை, அதாவது கடப்பாரையை, எடுத்து வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் போடுவது. அதன் பிறகு மண்வெட்டி, கோடரி, ஏணி. 2020 டிசம்பரில் எங்கள் குசினிக் கதவைப் பெயர்த்தது எங்கள் அலவாங்குதான். கள்ளன் வெறுங்கையோடு வந்திருக்கிறான். தேவையானதை நாங்களே வெளியில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறோம்.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. அடுத்த வளவு தங்கையுடையது. நான் தையல் வேலை செய்கிறேன். அந்த டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கிழக்குக் கரையை நோக்கி வருகிறது என்று அறிவித்தார்கள். கொரோனாக் காலம், முகாமில் நெருக்கியடித்து இருக்கப் பயந்து, பாலத்தைத் தாண்டி மாமாங்கத்தில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போனோம். புயல் திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தது. எங்கள் பக்கம் காற்றும் மழையும்தான். திரும்பி வந்தபோது கூரையில் ஓர் ஓடுகூட அசையவில்லை. குசினிக் கதவு மட்டும் ஒற்றைப் பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மோட்டார் இல்லை, காஸ் சிலிண்டர் இல்லை, தையல் இயந்திரத்தின் தலை இல்லை. நத்தாருக்குத் தைக்கத் தந்த ஐந்து சிறுமிகளின் சட்டைத் துணியும் மூட்டையோடு போய்விட்டது. என் பொருள் போனதற்கு நான் அழவில்லை. அந்தத் தாய்மாருக்கு என்ன சொல்வது என்றுதான் குசினிப் படியில் இருந்து அழுதேன்.

அன்றைக்குக் கணவர் சொன்னார்: “அடுத்த முறை நீங்கள் எல்லோரும் போங்கள். நான் வீட்டோடு நிற்கிறேன்.”

இதே வார்த்தையை நான் 1978 நவம்பர் 23ஆம் திகதியும் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, பெட்டகத்தில் இருக்கும் சாமான்களுக்குக் காவலாக வீட்டில் நிற்கிறேன் என்று சொல்லி எங்களைக் கல்வீடு ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். அன்றிரவுச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. விடிந்து பார்த்தால் தென்னந்தோட்டங்கள் தலையில்லாமல் நின்றன. மாமாவைச் சுவருக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். பெட்டகம் அப்படியே இருந்தது.

அதனால் களவுக்கு எதிராக வீட்டைப் பலப்படுத்துவதை நான் பொருள் காக்கும் வேலையாக நினைப்பதில்லை. வீட்டில் ஒருவர்கூட மிஞ்சி நிற்காமல் எல்லோரும் நேரத்தோடு வெளியேறுவதற்கான வேலை அது. “வீட்டை யார் பார்ப்பது?” என்ற கேள்விக்கு மழைக்காலம் தொடங்கும் முன்பே பதில் வைத்திருந்தால், எச்சரிக்கை வரும் நாளில் அந்தக் கேள்வி வாசலில் நின்று எங்களை மறிக்காது.

கதவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் பூட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெரிய ஆமைப்பூட்டு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் நல்ல பூட்டுத்தான் இருந்தது. மறுநாள் அந்தப் பூட்டு பூட்டியபடியே நாதாங்கியோடு தரையில் கிடந்தது. நாதாங்கியைப் பலகையில் பிடித்திருந்தவை நான்கு சிறிய திருகாணிகள். அலவாங்கின் நுனியை இடையில் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினால் அவை வேரோடு வந்துவிடும். தச்சுவேலை செய்யும் என் தங்கையின் கணவர் பிறகு செய்து தந்தது இதுதான்: திருகாணிகளை எடுத்துவிட்டு, கதவை ஊடுருவிப் போகும் போல்ட் ஆணிகளைப் போட்டார். வெளியில் தெரிவது உருண்டையான தலை மட்டும். அதைத் திருக முடியாது. உள்பக்கம் அகலமான இரும்புத் துண்டு ஒன்றை வைத்து நட்டுகளை இறுக்கினார். நாதாங்கியை மடித்துப் பூட்டும்போது ஆணித் தலைகள் அதற்கு அடியில் மறைந்துவிடும்படி பார்த்துக்கொண்டார். பிணைச்சல்களையும் இப்படியே மாற்றினார். நிலை உக்கிப் போயிருந்தால் இவை எதுவும் பயன்படாது. நிலையைக் குத்திப் பாருங்கள், கத்தி நுனி இறங்கினால் முதலில் நிலையை மாற்றுங்கள்.

இந்த வேலைகளைப் பின்கதவில் செய்யுங்கள். நாங்கள் முன்கதவுக்கு முதிரைப் பலகையும் பித்தளைப் பிடியும் போட்டு அழகு பார்க்கிறோம். குசினிக்கோ மிஞ்சிய பலகையில் ஒரு கதவு. புயல் நாட்களில் களவெடுக்க வருபவன் ஒழுங்கைப் பக்கம் வருவதில்லை. கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு கிணற்றடியால் வருகிறான். குசினிக் கதவுக்கு உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்று போட இரு பக்கச் சுவரிலும் இரும்புக் கொளுக்கி பதித்துவிடுங்கள். எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து அடைத்துவிட்டு ஒரே கதவால் வெளியேறுங்கள். அந்த ஒரு கதவுக்குத்தான் நல்ல பூட்டுத் தேவை.

படலையைப் பற்றி ஒரு சொல். வெளிப்பக்கம் பெரிய பூட்டுத் தொங்கும் படலை, வீட்டில் ஆளில்லை என்று ஒழுங்கை முழுவதற்கும் சொல்லும். சங்கிலியை உள்பக்கமாகச் சுற்றிப் பூட்டுங்கள், பூட்டு உள்ளே தொங்கட்டும்.

யன்னலுக்குப் பலகை அடிப்பது காற்றுக்காக என்றுதான் சொல்வார்கள். கண்ணாடியைக் காற்றிலிருந்து காப்பாற்றும் அதே பலகை, உள்ளே என்ன இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்ப்பவனையும் மறைக்கிறது. ஆணி அடித்த பலகையைச் சுத்தியலின் பின்பக்கத்தால் எடுத்துவிடலாம். போல்ட் போட்டு நட்டை உள்ளிருந்து முடுக்கினால் வெளியிலிருந்து கழற்ற முடியாது. வெயில் இருக்கும் புரட்டாதியிலேயே பலகைகளை அளவெடுத்து அறுத்து, துளையிட்டு, ஒவ்வொன்றிலும் ‘முன் இடது’, ‘அறை’, ‘குசினி’ என்று எழுதி வையுங்கள். எங்களிடம் ஆறு பலகைகள் இருக்கின்றன, பழைய கதவுகளை அறுத்துச் செய்தவை. நானும் மகனும் அரை மணிக்குள் மாட்டிவிடுவோம்.

ஓட்டு வீட்டில் இன்னொரு வழி இருக்கிறது. மூன்று ஓட்டைத் தூக்கினால் ஓர் ஆள் இறங்கலாம். ஏணியை உள்ளே வைக்கச் சொன்னது அதனால்தான். மதிலோரம் கிடக்கும் பீப்பாயும் கல் அடுக்கும் ஏணியின் வேலையைச் செய்யும். காற்றில் பறக்கக்கூடியவையும் அவைதான். வளவைத் துப்புரவாக்கினால் இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து ஒரே வேலை.

அடுத்தது பெயர் வெட்டுதல். எங்கள் அம்மாமார் குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். கோயில் சமையலுக்கும் கலியாண வீட்டுக்கும் இரவல் போன பாத்திரம் சரியாகத் திரும்பி வந்தது அந்த எழுத்துகளால்தான். அதே வழக்கத்தைத் தண்ணீர் மோட்டாருக்கும், மின்விசிறிக்கும், சைக்கிளுக்கும் கொண்டுவாருங்கள். பெயரின் முதலெழுத்தும் அடையாள அட்டையின் கடைசி நான்கு இலக்கமும் போதும். துளையிடும் இயந்திரம் வைத்திருக்கும் யாரும் சில நிமிடங்களில் வெட்டித் தருவார்கள். பெயர் வெட்டிய மோட்டாரை விற்பதும் கடினம், வாங்குபவனுக்கும் பயம். காஸ் சிலிண்டர் கம்பனியுடையது, அதில் வெட்டாதீர்கள். அடிப்பக்கத்தில் நிறம் பூசி அடையாளம் வையுங்கள். வெள்ளத்தில் சிலிண்டர் மிதந்து போகும். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வை மூடி, நிமிர்த்தியபடி யன்னல் கம்பியோடு சங்கிலியால் பிணையுங்கள்.

பிறகு ஒரு கொப்பி. பொருளின் பெயர், தொடரிலக்கம், வாங்கிய ஆண்டு, கடைப் பற்றுச்சீட்டு. ஒவ்வொரு அறையிலும் நின்று நான்கு சுவரையும் படம் எடுங்கள், அலுமாரியைத் திறந்தும் எடுங்கள். தொலைபேசிக்கு நட்சத்திரக் குறி, ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் அந்தத் தொலைபேசிக்கே உரிய பதினைந்து இலக்கம் கொண்ட எண் வரும், அதையும் எழுதுங்கள். படங்களை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். என் மகள் வவுனியாவில் இருக்கிறாள், எல்லாம் அவளிடம் இருக்கிறது. 2020இல் நான் முறைப்பாடு கொடுக்கப் போனபோது தையல் இயந்திரத்தின் இலக்கம் என்னவென்று கேட்டார்கள். பத்தொன்பது வருடம் அந்த இயந்திரத்தின் முன்னால் இருந்தவள் நான். அடித்தட்டில் பொறித்திருந்த இலக்கத்தை ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை.

இப்போதைய இயந்திரத்தின் தலையை நான் விட்டுவிட்டுப் போவதில்லை. மிதிக்கும் வாரைக் கழற்றி, பின்பக்கம் இருக்கும் இரண்டு பிணைப்புத் திருகாணிகளைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். பாரம்தான், ஆனால் ஒருவர் தூக்கலாம். பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிடுவேன். உங்கள் வீட்டில் சோறு போடும் கருவி எது என்று யோசியுங்கள். தச்சருக்கு இழைப்புளியும் உளியும், மீன்பிடிப்பவருக்கு வள்ளத்தின் இயந்திரம். நாவலடிப் பக்கம் தோணி வைத்திருப்பவர்கள் இயந்திரத்தைக் கழற்றி வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், உங்களோடு டிராக்டரில் ஏற்றுங்கள். தொலைக்காட்சியை இன்னொரு முறை வாங்கலாம். உழைக்கும் கருவி போனால் அதை வாங்கும் காசும் சேர்ந்து போகிறது.

நகைக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். மழைக்காலம் தொடங்கும்போது தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை வங்கியில் மிகச் சிறிய தொகைக்கு அடகு வைத்துவிடுவேன். தொகை சிறியது என்பதால் வட்டியும் சிறியது. தைப் பொங்கலுக்குப் பிறகு மீட்டுக்கொள்வேன். வங்கியில் பெட்டக வசதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. அடகுச்சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும். நகையை மண்ணில் புதைக்காதீர்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்த நாட்களில் பித்தளைக் குடங்களைக் கிணற்றில் இறக்கினோம், புதைத்தோம், சில திரும்பக் கிடைத்தன. வெள்ளமும் கடலும் ஏறிய நிலம் அப்படியல்ல. மண்ணே இடம் மாறிவிடும், நீங்கள் அடையாளம் வைத்த மரமும் இருக்காது. அரிசிப் பானை, சாமி அறை, மெத்தையின் அடி, இவை கள்ளன் முதலில் கை வைக்கும் இடங்கள்.

காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம் எல்லாம் இறுக்கமான மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், உள்ளே பொலித்தீன் சுற்றி, என் கையில் வரும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருப்பதால் இந்தப் பெட்டியைப் பெண் தூக்குவதே முறை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். முகாமிலும் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம், உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், கதவைவிட நான் நம்புவது ஒழுங்கையைத்தான். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள். 2021 ஐப்பசியில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எங்கள் முற்றத்தில் இருந்து பேசினோம். யார் எங்கே போவார்கள், யாருடைய தொலைபேசி எது, யார் வீட்டில் யாருக்கு நடக்க முடியாது என்று ஒரு தாளில் எழுதி ஒன்பது பிரதி எடுத்தோம். ஒருவர் பிந்தி நின்றால் மற்றவர் அழைத்து ஏன் என்று கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முதலில் திரும்பி வருபவர்கள் ஒன்பது வீட்டுப் பின்பக்கத்தையும் வெளியில் நின்று பார்த்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், தனியாக அல்ல, இரண்டு பேராக. பட்டியலின் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தோம். யாருமே இல்லாத வீடுகள் எவை என்று அவருக்குத் தெரிந்தால் பொலிசாருக்கும் சொல்ல முடியும். வெறும் தாள்தான், ஆனால் என் கணவர் “நான் நிற்கிறேன்” என்று சொல்வதை நிறுத்தியது அந்தத் தாளுக்குப் பிறகுதான்.

இரவுக் காவல் என்று இளைஞர்களை நிறுத்த வேண்டாம். காற்று அடிக்கும் இரவில் தகரம் பறக்கும், தென்னை விழும், மின்கம்பி அறும். அந்த நேரத்தில் கள்ளனும் வெளியே வருவதில்லை. அவன் வருவது இரண்டு நேரத்தில்: ஆட்கள் போய், காற்று இன்னும் ஏறாத மாலையில், அல்லது காற்று ஓய்ந்து, பாதை திறக்காத நாட்களில். இரண்டாவது மோசமானது. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதி தண்ணீருக்குள் போனது நினைவிருக்கும். ஓர் இரவுக்கென்று போனவர்கள் நாட்கணக்கில் திரும்ப முடியாமல் இருக்கலாம். அதனால் பூட்டும்போது ஒரு வாரத்துக்கென்று நினைத்துப் பூட்டுங்கள்.

எச்சரிக்கை வந்த நாளில் நேரம் இருக்காது. பலகை, குறுக்குச் சட்டம், காஸ், பிரதான மின் ஆளி. மின்சாரத்தை நிறுத்தினால் கமெராவும் நின்றுவிடும் என்று சிலர் ஆளியைப் போட்டபடியே போகிறார்கள். வெள்ளம் ஏறிய வீட்டில் மின்சாரம் இருந்தால் திரும்பி வருபவரின் உயிர் போகும். நிறுத்துங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் முன்பே வெயிலில் வைத்துச் சார்ஜ் ஏற்றிய சிறிய சூரிய விளக்கு ஒன்றை உட்சுவரில் மாட்டுங்கள், பின்பக்க யன்னல் இடுக்கால் தெரியும்படி. பொருட்களை மேசைமேல் ஏற்றுவதா, மறைத்து வைப்பதா என்ற குழப்பம் எனக்கும் வந்ததுண்டு. ஏற்றுங்கள். தண்ணீர் எல்லா வீட்டுக்கும் வரும், கள்ளன் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. நாயின் சங்கிலியையும் ஆட்டின் கயிற்றையும் அவிழ்த்துவிடுங்கள். காவலுக்கென்று கட்டிவைத்த நாய் தண்ணீரில் மூழ்கிச் செத்ததைப் பார்த்தவள் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து முகநூலில் படம் போடாதீர்கள். “குடும்பத்தோடு பாதுகாப்பாக இருக்கிறோம்” என்ற ஒரு வரி, வீடு வெறுமையாக இருப்பதை ஊருக்கு அறிவிக்கிறது. சொந்தக்காரருக்கு அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள்தான் போடுவார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது இந்த ஒழுங்கோடுதான் புறப்பட்டோம். இயந்திரத் தலை, ஆவணப் பெட்டி, மற்றவர்களின் துணி மூட்டை. பொழுது சாயும் முன்பே பாலத்தைத் தாண்டிவிட்டோம். என் கணவர்தான் முதலில் ஆட்டோவில் ஏறினார்.

திரும்பும்போது அதிகாரிகள் போகலாம் என்று சொன்ன பிறகு, பகல் வெளிச்சத்தில், இரண்டு பேராகப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. முதலில் வெளியில் நின்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். 119க்கு அழையுங்கள். நாங்கள் அன்று செய்த பிழை, கதவைத் தூக்கி நிறுத்தி, மண்ணைக் கூட்டி, சிதறிக் கிடந்ததை அடுக்கிவைத்தது. பொலிசார் வந்தபோது பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. எதையும் தொடாமல் படம் எடுங்கள், கால் தடத்தையும் எடுங்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடையாள அட்டை போயிருந்தால் புதியது எடுக்கவும், காப்புறுதி இருந்தால் அதற்கும் அது வேண்டும்.

அந்த வாரத்தில் சேத விபரம் எடுக்கிறோம் என்று பலர் வருவார்கள். பெரும்பாலும் உண்மையானவர்கள்தான். ஆனாலும் கிராம உத்தியோகத்தருக்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள். இருக்கும் பொருளைக் கணக்கெடுக்க வருபவனும் அந்தக் கூட்டத்தில் வரலாம்.

கதவு உடைந்திருந்தால், பொலிசார் பார்த்துவிட்டுப் போனதும் அன்றைக்கே அடையுங்கள். தச்சர் கிடைக்காவிட்டால் யன்னலுக்குப் போட்ட பலகையில் ஒன்றைக் கழற்றிக் குறுக்கே போட்டு முடுக்குங்கள். ஒருமுறை வந்தவனுக்கு வீட்டின் வழி தெரியும். எங்கள் வீட்டில் அவன் மூன்றாம் நாள் இரவும் வந்திருக்கிறான். அப்போது தங்கையின் கணவர் போட்ட பலகை குசினி வாசலில் இருந்தது. காலையில் பார்த்தபோது அதில் நான்கு இடத்தில் கீறல் இருந்தது, பலகை அப்படியே நின்றது.